பத்துப் பேரும் சாகணுமா?

போன செமஸ்டர் லீவுல அகதா கிறிஸ்டியோட ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலைப் படிச்சு முடிச்சேன். ஹாஸ்டலுக்கு வந்ததும் ரெனே கிளேர் இயக்கி 1945-ல வந்த படத்தை ரூம்மேட்டோட உட்கார்ந்து பார்த்தேன். முடிஞ்சதும் அவன் “செம படம் மச்சி”ன்னான். எனக்குச் சரியான கடுப்பு. நாவல்ல செத்துப்போன ரெண்டு பேர் படத்துல ஜோடியா உயிர் பிழைக்கிறாங்க!

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: கொலையாளி யாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா முடிவைப் பத்திப் பேசாம இந்தக் கட்டுரையை எழுத முடியாது.)

நாவல் வந்தது 1939-ல. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையை ஒட்டி ஒரு சின்னத் தீவு, அங்க பத்துப் பேர். முதல் ராத்திரியே ஒரு கிராமபோன் ரெக்கார்டு ஒவ்வொருத்தர் மேலயும் கொலைப்பழி சுமத்துது. எல்லாமே கோர்ட்டில் தண்டிக்க முடியாத குற்றங்கள். அப்புறம் ஒரு குழந்தைப் பாட்டில் வர்ற மாதிரியே ஒவ்வொருத்தரா சாகிறாங்க. கடைசியில் ஒருத்தரும் மிச்சமில்லை.

இதைப் படமாக்குறதுல ரெண்டு சிக்கல் இருக்கு.

முதல் சிக்கல், மனசு. நாவலில் ஒரு இடத்தில், மிச்சம் இருக்கிறவங்க மனசுல என்ன ஓடுதுன்னு பேர் போடாமலே வரிசையா எழுதியிருப்பாங்க. அதுல கொலையாளியோட நினைப்பும் கலந்திருக்கு. எழுத்தில் இது முடியும். படத்தில் வாய்ஸ் ஓவர் வெச்சா குரலே காட்டிக் கொடுத்துடும்.

ரெண்டாவது, முடிவு. எல்லாரும் செத்துட்டா உண்மையைச் சொல்ல ஆள் யாரு? நாவலில் பாட்டிலுக்குள் போட்டு கடலில் வீசின ஒரு வாக்குமூலம் கிடைக்குது. மேடையில் அது எடுபடாது. அதனால 1943-ல நாடகமாக்கும்போது கிறிஸ்டியே முடிவை மாத்தினார். ரெண்டு பேரை நிரபராதி ஆக்கி, பிழைக்க வெச்சார். கிளேர் எடுத்துக்கிட்டது அந்த முடிவைத்தான். அடுத்து 1965, 1974, 1989-ல வந்த படங்கள் தீவை விட்டுட்டு பனிமலை, ஈரான் பாலைவன ஹோட்டல், ஆப்பிரிக்க சஃபாரின்னு இடத்தை மாத்திச்சு. முடிவை மட்டும் நாவலுக்குத் திருப்பல. (தமிழில் எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ படமும் இதே நாவலின் தழுவல்தான்.)

பிழைச்சா என்ன தப்புன்னு கேட்கலாம். வீரா கிளேத்தார்னை எடுத்துக்கோங்க. படிக்கும்போது நமக்கு அவளைப் பிடிச்சுப் போகுது, அவ தப்பிக்கணும்னு தோணுது. ஆனா அவ தன் பொறுப்பில் இருந்த ஒரு சின்னப் பையனை, காதலனுக்குச் சொத்து வரணும்னு, தெரிஞ்சே கடலில் மூழ்க விட்டவ. ‘இப்படிப்பட்டவளுக்காகவா இவ்வளவு நேரம் பதறினோம்?’ங்கிற அந்த உறுத்தல்தான் நாவலோட உயிர். அவளை நிரபராதி ஆக்கினா அவளோட சேர்ந்து நாமும் தப்பிச்சிடுறோம்.

1987-ல சோவியத் இயக்குநர் கோவோருகின் நாவலின் முடிவைத் துணிஞ்சு வெச்சார். 2015-ல வந்த பிபிசியின் மூணு பகுதித் தொடரும் அப்படித்தான். பாட்டிலுக்குப் பதிலா, அதில் கொலையாளியே கடைசி ஆளிடம் நேரில் உண்மையைச் சொல்றார். அந்தப் பையனோட சாவையும் ஃப்ளாஷ்பேக்கில் துண்டு துண்டா காட்டுறாங்க. வழி வேற, ஆனா உறுத்தல் அதே உறுத்தல்.

பிபிசி தொடரையும் ரூம்மேட்டுக்குப் போட்டுக் காட்டினேன். முடிஞ்சதும் ரொம்ப நேரம் அவன் ஒண்ணும் பேசல. இப்போ நாவல் அவன் கையில. நீங்களும் நாவலில் இருந்தே ஆரம்பிங்க.