கோதுமை விளைந்த பரமட்டா

சிட்னியின் மேற்கே, ஹாரிஸ் பார்க் விக்ரம் தெருவில் மாலையானால் தோசைக்கும் சாட்டுக்கும் கூட்டம் நெரியும். சற்றுத் தள்ளி ரூஸ் தெருவில், தாழ்வாரம் வைத்த பழைய வீடொன்று இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. வீட்டைவிட அதன் மண்ணுக்குத்தான் வரலாறு அதிகம்.

1788 ஜனவரியில் கைதிகளோடு வந்திறங்கிய ஆங்கிலேயர் துறைமுகத்தருகே விதைத்தது சரியாக விளையவில்லை. கப்பலில் வந்த தானியமோ குறைந்துகொண்டே போனது. ஆளுநர் ஆர்தர் பிலிப் அந்த நவம்பரில் ஆற்றின் மேல்பகுதியில் நல்ல மண் கண்டு ரோஸ் ஹில் குடியிருப்பைத் தொடங்கினார். அதுவே பரமட்டா.

ஒரு குடும்பம் தன் உழைப்பில் பிழைக்க முடியுமா என்று பார்க்க, 1789 நவம்பரில் ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதியிடம், இன்று அந்தப் பழைய வீடு நிற்கும் இடத்தில் நிலம் தந்தார். உழ மாடில்லை, தொழுவுரமும் இல்லை. ரூஸ் வெட்டிய மரங்களை எரித்துச் சாம்பலை மண்ணில் கலந்தார். மண்வெட்டியால் கொத்திப் புல்பூண்டை மடக்கிப் புரட்டி, வெயிலிலும் காற்றிலும் ஆறவிட்டார். வைக்கோலைக் குழியில் மக்கவைத்து எருவாக்கினார். 1791 பிப்ரவரியில், அரசுக் கிடங்கின் தானியம் தனக்கு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பசியில் கிடந்த குடியேற்றத்தில் அது பெரிய செய்தி. 30 ஏக்கருக்கு அவருக்குப் பட்டா கிடைத்தது. 1793இல் நிலத்தை ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவருக்கு விற்றார். வட்டாரத்தின் பெயர் அவரிடமிருந்து வந்தது.

கதையை ரூஸிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அது பாதிக் கதை. அதற்கு வெகுகாலம் முன்பே, உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இந்த ஆற்றில் விலாங்கு பிடித்து வாழ்ந்தவர்கள் பரமட்டகல் மக்கள். அவர்களில் பலுடரி என்ற இளைஞர் குடியேறிகளுக்கு மீன் கொடுத்து ரொட்டியும் இறைச்சியும் பெற்றுவந்தார். 1791இல் கைதிகள் சிலர் அவருடைய படகை உடைத்துப் போட்டார்கள். அவர் ஒருவன் மீது ஈட்டி எறிந்து பழி தீர்த்தார். பிலிப் அவரைப் பிடிக்க ஆணையிட்டார். மீன் வரத்தும் நின்றது. அவ்வாண்டு முடிவதற்குள் பலுடரி நோயில் இறந்தார். நட்பாக முளைத்த ஒரு பண்டமாற்று அப்படி வீணானதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

இன்று அங்கே வயலில்லை. அடுக்குமாடிகள், அலுவலகங்கள், டிராம் பாதை. ஈழத்தமிழர் பலர் குடியிருக்கும் துங்காபியும் 1791இல் அரசுப் பண்ணையாகத் தொடங்கிய ஊர்தான். ரூஸின் பெயரில் ஒரு பெருஞ்சாலை ஓடுகிறது. பலுடரியின் பெயர் ஆற்றோரச் சதுப்புநிலம் ஒன்றுக்கு இருக்கிறது. கடைத்தெருவுக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.