அழகான படம், தவறான அம்பு

மாணவரின் அறிவியல் திட்டப்பணி, கோயில் திருவிழா அறிவிப்பு, தீபாவளி விற்பனை விளம்பரம் என எதற்கும் இன்று படம் தேவைப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், சற்று நேரத்தில் படம் வந்துவிடுகிறது. அந்தப் படம் சரியானதுதானா என்பதை யார் பார்ப்பது?

படம் எப்படி உருவாகிறது?

டால்-இ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃபியூஷன் ஆகிய கருவிகள் 2022ஆம் ஆண்டில் அடுத்தடுத்துப் பொதுமக்கள் கைக்கு வந்தன. ஏராளமான படங்களையும் அவற்றோடு இருந்த விளக்க வரிகளையும் கொண்டு இவற்றுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. தாறுமாறான புள்ளிகளில் தொடங்கி, அவற்றைப் படிப்படியாகச் சீராக்கி, கேட்ட உருவத்தை இவை கொண்டு வருகின்றன. இதயத்தின் படம் எப்படி இருக்கும் என்பதை இவை கற்றிருக்கின்றன. ஆனால், இரத்தம் எந்த அறையிலிருந்து எங்கே செல்கிறது என்று சரிபார்ப்பதில்லை.

இந்தக் குறை ஆய்வுலகத்தையே சங்கடப்படுத்தியது. 2024 பிப்ரவரியில் ‘ஃபிரண்டியர்ஸ்’ பதிப்பகத்தின் உயிரியல் ஆய்விதழ் ஒன்றில் மிட்ஜர்னி வரைந்த எலியின் உடற்கூற்றுப் படம் வெளியானது. உறுப்புகளின் அளவு நம்ப முடியாதபடி இருந்தது. பெயர்களாக எழுதியிருந்தவை பொருளே இல்லாத சொற்கள். கேலியும் கண்டனமும் எழவே, சில நாள்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆய்வாளர்கள் பார்வையிலேயே தப்பிய பிழை, மாணவரின் பார்வையில் தப்பாது என்று சொல்ல முடியுமா?

தமிழ் எழுத்து ஏன் சிதைகிறது?

இத்தகைய கருவிகள் பல, எழுத்தையும் ஒரு கோலம்போலவே வரைகின்றன. ‘கொ’ என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். அதை அறியாமல் வரையும்போது கொம்பு இடம் மாறுகிறது, புள்ளி காணாமல் போகிறது. பயிற்சிக்குக் கிடைத்த தமிழ்ப் படங்கள் ஆங்கிலப் படங்களைவிட மிகக் குறைவு என்பதும் ஒரு காரணம். புதிய கருவிகள் முன்னேறியுள்ளன. ஆயினும், ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்ப்பது அவசியம்.

இதற்கு எளிய வழி உண்டு. படத்தை மட்டும், எழுத்தே இல்லாமல் கேட்டு வாங்கலாம். பிறகு கேன்வா போன்ற வடிவமைப்புச் செயலியில் தமிழ் எழுத்துருவைக் கொண்டு தேதி, நேரம், இடம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்யலாம். எழுத்து சிதையாது, பிறகு திருத்துவதும் சுலபம்.

விளக்கப்படத்திற்கு வேறு வழி

அம்புக்குறியும் கட்டமும் கொண்ட விளக்கப்படம் என்றால், கருவியைப் படமாக வரையச் சொல்லாமல் குறிப்பாக எழுதச் சொல்வதே நல்லது. 2014இல் வெளிவந்த ‘மெர்மெய்ட்’ என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவுகிறது. ஒரு பெயர், ஓர் அம்பு, அடுத்த பெயர் என்று வரிவரியாக எழுதினால், அதுவே கட்டங்களை வரைந்து இணைத்துவிடும். அந்த வரிகளைச் சாட்ஜிபிடி போன்ற கருவிகள் எழுதித் தரும். பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இரத்த ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். உடலிலிருந்து வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல், இடது மேலறை, இடது கீழறை, மீண்டும் உடல். ஆறு இணைப்புகள், ஆறு வரிகள். பாடநூலை அருகில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கலாம். ஓர் அம்பு தவறினால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். படமாக வந்ததில் அம்பு தவறினால் மீண்டும் கேட்க வேண்டும். அப்போது சரியாக இருந்த வேறோர் இடம் மாறிவிடக்கூடும்.

அலங்காரப் படத்தில் ஒரு பூ கூடினாலும் குறைந்தாலும் பெரிய நட்டமில்லை. விளக்கப்படத்தில் ஓர் அம்பு திரும்பினால், பிள்ளை தவறான பாடத்தையே மனத்தில் பதித்துக்கொள்ளும். வரையும் வேலையைக் கருவியிடம் கொடுக்கலாம். சரிபார்க்கும் வேலை, பாடம் தெரிந்தவரிடமே இருக்க வேண்டும்.