மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? நீங்கள் தினமும் போகும் சாலையே பதில் சொல்லும்!

மாகறலிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் கியரை அடிக்கடி தொட வேண்டிய வேலை இல்லை. ஆனால், முகூர்த்த நாளில் காஞ்சிபுரம் காந்தி சாலைக்குள் நுழைந்துவிட்டால் கதையே வேறு. பட்டுப்புடவை எடுக்க வந்த வேன்கள், ஆட்டோக்கள், டூவீலர்கள் நெருக்கியடிக்க, கிளட்ச்சை மிதித்து மிதித்தே இடது கால் கடுத்துப்போகும். 'பேசாம ஆட்டோமேட்டிக்கே வாங்கிடலாமா?' என்ற பேச்சு வீட்டில் தொடங்குவது இப்படித்தான்.

முன்பு அது வசதியானவர்களின் கார். 2014-ல் மாருதி சுஸூகி செலெரியோ, ஏ.எம்.டி கியர்பாக்ஸுடன் வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களின் பட்ஜெட்டுக்குள் ஆட்டோமேட்டிக் நுழைந்தது.

நான்கு வகை, நான்கு குணம்

ஏ.எம்.டி: உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச், கியர் வேலையை மட்டும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். விலை குறைவு, மைலேஜும் மேனுவலை ஒட்டியே இருக்கும். கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டும்.

சி.வி.டி: பெல்ட், புல்லி மூலம் இயங்குவதால் கியர் மாறுவதே தெரியாது. டவுனுக்குள் சுகமாக ஓட்டலாம். சட்டென ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் முந்தும், வேகம் பிந்தும்.

டார்க் கன்வெர்ட்டர்: நெரிசலுக்கும் மலைக்கும் தாங்கும். விலை அதிகம்.

டி.சி.டி: இரண்டு கிளட்ச்கள். ஹைவேயில் பறக்கும். டிரை கிளட்ச் வகை என்றால், ஊர்ந்து செல்லும் டிராஃபிக்கில் சூடாகலாம்.

இரண்டுக்கும் நடுவே ஐ.எம்.டி என ஒன்றும் உண்டு. கியர் லீவர் இருக்கும். கிளட்ச் பெடல் இருக்காது. ஸ்ரீபெரும்புதூர் அருகே தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய், 2020-ல் வென்யூ காரில் இதை அறிமுகப்படுத்தியது.

மலையில் கவனம்!

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. இறங்கும்போது மேனுவல் ஓட்டுபவர் இரண்டாவது கியருக்கு வந்துவிடுவார். இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் 'டிரைவ்' மோடிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால், பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். இது உயிருக்கே ஆபத்து. 'எல்' அல்லது மேனுவல் மோடுக்கு மாறி, குறைந்த கியரில் இறங்குங்கள். எந்தக் காராக இருந்தாலும் நியூட்ரலில் இறக்கவே கூடாது.

ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரால் காரைப் பிடித்து நிறுத்தாதீர்கள். ஏ.எம்.டி, டி.சி.டி கார்களில் கிளட்ச் தேய்ந்துவிடும். பிரேக்கை அழுத்துங்கள்.

மேனுவலிலிருந்து மாறுபவர்களுக்கு இன்னொன்று: இடது காலுக்கு இனி வேலையே இல்லை. பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தால், பின்னால் வருபவர் மோதிவிடுவார். முதலில் காலி மைதானத்தில் பழகுங்கள்.

யாருக்கு எது?

* தினமும் நெரிசல், முழங்கால் வலி, வீட்டில் பலர் ஓட்டும் கார்: ஆட்டோமேட்டிக்.
* கிராமத்துச் சாலை, பாரம் ஏற்றும் பயணம், இறுக்கமான பட்ஜெட்: மேனுவல். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வாய்ப்புண்டு.
* அடிக்கடி மலைப் பயணம்: மேனுவல் அல்லது டார்க் கன்வெர்ட்டர்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசல் சாலையோடு முடித்துவிடாதீர்கள். குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, நெரிசலான ஒரு தெருவிலும் ஏதாவது ஒரு மேம்பாலத்திலும் ஓட்டிப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்!