பார்க்கர் என்று எழுதியதெல்லாம் பார்க்கரா?

ஸ்டேஷனரி வியாபாரம் செய்யும் நம்மவர்கள் விலையுயர்ந்த மைப் பேனாக்களை ஒரு டஜன், இரண்டு டஜன் வாங்கி ஷோகேஸில் வைப்பது வழக்கம். தை, மாசியில் சம்பா நெல் பணம் புழங்கும்போது கல்யாணப் பரிசுக்கும், மே மாதம் ஆசிரியர்களின் வழியனுப்பு விழாவுக்கும் இவை போகும். டூப்ளிகேட் சரக்கு உள்ளே நுழைவதும் அப்போதுதான்.

1994-ல் நானே ஏமாந்தேன். பட்டணத்திலிருந்து வந்த ஏஜெண்டு ஒருவர், பில் வேண்டாமென்றால் பாதி விலை என்றார். இரண்டு டஜன் பார்க்கர் எடுத்தேன். பாபநாசம் பக்கம் ஒரு தலைமையாசிரியருக்கு வாங்கிப் போன பேனா, ஒரே மாதத்தில் முலாம் உரிந்து திரும்பி வந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

முதலில் கிளிப்பைப் பாருங்கள். 1933 முதல் பார்க்கரின் அடையாளம் அம்புக் கிளிப். அசலில் இறகுக் கோடுகள் கூர்மையாக இருக்கும். டூப்ளிகேட்டில் மழுங்கித் தெரியும். அடுத்து நிப்பு. நகைக்கடைக்காரர் கண்ணாடியில் பார்த்தால் அசலின் நுனியில் கெட்டி உலோக மணி ஒன்று தனியாகப் பற்றவைத்திருப்பது தெரியும். மட்டமான போலியில் தகட்டையே மடக்கி விட்டிருப்பார்கள். பிளவும் கோணலாக ஓடும். தங்க நிப்பு என்று சொன்னால் 14 காரட்டுக்கு 585, 18 காரட்டுக்கு 750 என்ற முத்திரையைத் தேடுங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது தங்கமில்லை. ஒட்டாததாலேயே தங்கம் ஆகிவிடாது. ஆனால் பார்க்கர் வெக்டரில் அசலுக்கே எஃகு நிப்புதான். அதைப் போலி என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மான்ட்பிளாங்கில் வெள்ளை நட்சத்திரம் உடலிலேயே பதிந்திருக்கும், மேலே ஒட்டியதாக இராது. கிளிப் வளையத்தில் வரிசை எண் இருக்கும். இப்போது போலியிலும் எண் அடிக்கிறார்கள், ஆகவே எண்ணை மட்டும் நம்புவதற்கில்லை.

பார்க்கர் 51 மாதிரியில் வந்த சீனத்து ஹீரோவை டூப்ளிகேட் என்பது சரியல்ல. அது தன் பெயரிலேயே விற்ற பேனா. அந்த ஹீரோவுக்கே டூப்ளிகேட் வந்தது தனிக்கதை.

இதில் மாட்டுவது தயாரித்தவன் மட்டுமல்ல. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 104-வது பிரிவு விற்பவரையும் பிடிக்கும். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். தெரியாமல் விற்றேன் என்று வாயால் சொன்னால் எடுபடாது. தக்க முன்னெச்சரிக்கை எடுத்தேன், சந்தேகப்படக் காரணமில்லை, கேட்டபோது யாரிடம் வாங்கினேன் என்ற விவரத்தைக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பில் இல்லாத கடைக்காரர் எதைக் காட்டுவார்? பாதி விலையில் மிச்சப்படுத்திய பணம் வக்கீல் ஃபீஸுக்கே காணாது. ஆகவே பில்லில் மாடல் பெயர், எண்ணிக்கை இரண்டையும் எழுதி வாங்குங்கள். வெறுமனே 'பேனா' என்று எழுதிய பில் உதவாது.

என் இரண்டு டஜனில் மிஞ்சியதை நான் விற்கவில்லை. ஒன்றை மட்டும் ஓர் அசல் பார்க்கரோடு சேர்த்துக் கல்லாவில் வைத்திருக்கிறேன். கடைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் இரண்டையும் கொடுத்து, எது அசல் என்று கேட்பதுண்டு. பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்கிறார்கள்.