தேதி தாண்டிய சத்து மாத்திரை: விஷமா, சக்கையா?

அலமாரியில் ஒரு புட்டி கிடக்கிறது. சத்து மாத்திரைப் புட்டி. பாதிகூடத் தீரவில்லை. திருப்பிப் பார்த்தால், அதில் அச்சடித்த தேதி ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது!

"குப்பையில் போட்டுவிடலாம், அத்தை" என்கிறாள் மருமகள்.

"காசைக் கொட்டி வாங்கியதைக் குப்பையில் கொட்டுவதா?" என்கிறார் மாமியார்.

யார் சொல்வது சரி?

பெரும்பாலான சத்து மாத்திரைகள் தேதி முடிந்த மறுநாளே விஷமாக மாறிவிடுவதில்லை. ஆனால் சத்து தேய்ந்துகொண்டே போகும். "சொன்னபடி பத்திரமாக வைத்திருந்தால், எழுதியிருக்கும் அளவு சத்து இந்த நாள் வரை இருக்கும்." தேதியின் பொருள் இதுதான். தேய்மானம் உண்டு என்பது தயாரிப்பவர்களுக்குத் தெரியும். அதனால் சில வைட்டமின்களை எழுதிய அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே போடுகிறார்கள்.

கப்பல் டாக்டர் ஏமாந்த கதை

ஸ்கர்வி என்று ஒரு நோய். ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடும். பழைய காலத்தில் கடலோடிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய் இது.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரக் கப்பல் டாக்டர், இந்த நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் மளமளவென்று தேறினார்கள்!

ஆனால் பழம் மாதக் கணக்கில் தாங்குமா? சாற்றைச் சூட்டில் சுண்டவைத்துப் புட்டியில் அடைக்கச் சொன்னார் லிண்ட். வந்தது வினை! சூட்டில் பாதி, சும்மா இருந்ததில் மீதி என்று சத்து போய்விட்டது. புளிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சத்துதான் வைட்டமின் சி. அதைப் பிரித்தெடுத்த ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எது முதலில் கெடும்?

வைட்டமின் சி-க்குக் காற்றும் ஈரமும் எமன். வெள்ளை மாத்திரை பழுப்பேறினால் சத்து கழன்றுவிட்டது என்று பொருள்.

மீன் எண்ணெய் மாத்திரை பழசானால் சிக்கு வாடை அடிக்கும். ஒன்றைக் கத்தரித்து முகர்ந்து பார்த்தால் போதும். வாடை வந்தால், தேதி பாக்கி இருந்தாலும் அதைத் தொடக்கூடாது.

வயிற்றுக்கு நல்லது என்று விற்கும் பாக்டீரியா மாத்திரைகளில் இருப்பவை உயிருள்ள கிருமிகள். நாளாக ஆக அவை செத்துப்போகும். விழுங்குவது வெறும் மாவு.

புரோட்டின் மாவு டப்பாவில் ஈரக் கரண்டி விட்டால் கட்டி தட்டும், பூசணம் பூக்கும். அதற்குத் தேதி பார்க்கவே வேண்டாம், தூக்கி எறிய வேண்டியதுதான்.

இரும்பும் கால்சியமும் அப்படியல்ல. அவை எங்கும் ஓடிப்போவதில்லை. ஆகவே அலமாரியில் கிடப்பது கால்சியம் மட்டும் என்றால், மாமியார் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு!

இவர்கள் துணியக்கூடாது

கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பம் தரிக்க இருப்பவர்களுக்கும் டாக்டர்கள் ஃபோலிக் அமிலம் கொடுக்கிறார்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் குறையில்லாமல் உருவாக அது வேண்டும். தண்டுவடக் குழல் மூடிக்கொள்வது கரு உண்டான முதல் 4 வாரத்துக்குள். சத்து குறைந்த பழைய மாத்திரையை நம்பி அந்த நாட்களைக் கோட்டைவிட்டால், பிறகு ஈடு செய்ய வழியில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த எந்தச் சத்து மருந்துக்கும் இதே கதிதான். புதுசு வாங்குவதே நல்லது.

அடுப்பு மேல் அலமாரி

பலர் மாத்திரையை அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்கிறார்கள். சூடும் ஆவியும் சேர்ந்து, தேதிக்கு முன்பே அதன் கணக்கை முடித்துவிடும். சிலர் அழகான கண்ணாடிச் சாடிக்கு மாற்றுகிறார்கள். வெளிச்சம் படும், தேதி எழுதிய புட்டியும் போய்விடும். புட்டிக்குள் இருக்கும் சின்னப் பொட்டலத்தை எறிந்துவிடுவதும் தவறு. ஈரத்தை இழுப்பதற்காகவே அதைப் போடுகிறார்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் வேறொரு பயம். இரும்புச் சத்து மாத்திரை பழசானாலும் புதுசானாலும், குழந்தை மிட்டாய் என்று நினைத்து அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழுங்கியது தெரிந்தால் வாந்திக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். புட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். வேண்டாத மாத்திரைகளைத் திறந்த குப்பைக் கூடையில் போடாமல், பழைய டீத்தூளோடு கலந்து, ஒரு பையில் இறுகக் கட்டி எறிவது நல்லது.