கண் விழித்த பிறகு தொடங்கும் வேலை

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால், 108 வண்டி பெரும்பாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத்தான் விரையும். உடலைக் காப்பாற்றுவதில் நம் மருத்துவர்கள் கைதேர்ந்தவர்கள். கண் விழித்ததும் கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள் “ஏன்டி இப்படிப் பண்ணே?” என்று திட்டத் தொடங்குவார்கள் பாருங்கள், அங்கேதான் நர்ஸின் வேலை ஆரம்பிக்கிறது.

தேர்ந்த நர்ஸ் சொந்தக்காரர்களைப் பக்குவமாக வெளியே அனுப்பிவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொள்வார். “இப்பவும் சாகணும்னு தோணுதாம்மா?” என்று நேரடியாகவே கேட்பார். கேட்டால் அந்த எண்ணம் கூடும் என்பது வெறும் பயம். ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை. பல நோயாளிகள் அப்போதுதான் மனம்விட்டு அழுகிறார்கள்.

உட்கார்ந்து பேசுவது உயிர் காக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், இப்படி முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத் தனிப் பேச்சு. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. அவ்வளவுதான்! 2008-இல் முடிவு வெளியானது: முதல் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2.

சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

நெரிசலான வார்டில் ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது என்று நர்ஸ்கள் கேட்டால் அது நியாயம்தான். ஆள் போடவேண்டியது அரசு. வீட்டுக்குப் போன பிறகு பேச ஆள் தேவைப்பட்டால் 104, 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.