வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா? மூளை கொடுக்கும் 5 எச்சரிக்கைகள்!

காலையில் வாய் கொப்பளிக்கும்போது அப்பாவுக்கு ஓர் ஓரத்தில் மட்டும் தண்ணீர் வழிகிறது. காபி டம்ளரை எடுக்கப் போனால் கை நழுவுகிறது. ‘ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்ததுல கை மரத்துப்போச்சு. கொஞ்ச நேரம் படுத்தா சரியாகிடும்’ என்கிறார். வீட்டில் இருப்பவர்களும் தைலம் தேய்த்துவிட்டுப் போர்வையைப் போர்த்திவிடுகிறார்கள். பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரவேண்டிய நேரம் பல வீடுகளில் இப்படித்தான் கைநழுவிப் போகிறது.

பிரச்னை கையில் இல்லை, மூளையில். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், நாம் ஏன் அவசரப்பட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

சேமிப்பே இல்லாத உறுப்பு

நம் மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவிகிதம்தான். ஆனால், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்பைச் சேர்த்துவைத்து நாள்கணக்கில் தாக்குப்பிடிக்க உடலுக்குத் தெரியும். மூளைக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு நொடியும் ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ, குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலோ, அந்தப் பகுதி செயலிழக்கிறது. இதுதான் பக்கவாதம். மூளையில் உள்ள நியூரான்கள் சுமார் 8,600 கோடி. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் அழிவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

‘டான்’ சொல்லிக்கொடுத்த பாடம்

மூளையில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி வேலை உண்டு. இதை உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர், பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவர் பால் ப்ரோக்கா. 1861-ல் அவரிடம் ஒரு நோயாளி வந்தார். என்ன கேட்டாலும் ‘டான், டான்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை அவருக்கு வராது. ஆனால், மற்றவர்கள் பேசுவது புரிந்தது. வலது கையும் காலும் செயலிழந்திருந்தன. அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்த ப்ரோக்கா, இடதுபக்க முன்பகுதியில் பாதிப்பு இருப்பதைக் கண்டார். பேச்சுக்கான அந்த இடத்துக்கு இன்றும் ‘ப்ரோக்கா பகுதி’ என்றுதான் பெயர்.

இடது மூளையில் பாதிப்பு, ஆனால் வலது கை ஏன் விழுகிறது? மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை, முகுளத்தின் அடிப்பகுதியில் ஒன்றையொன்று தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. பிறகு தண்டுவடம் வழியாக இறங்கி, அதிலிருந்து பிரியும் 31 ஜோடி நரம்புகள் மூலம் கை, கால்களுக்கு உத்தரவு போகிறது. அதனால்தான் இடது மூளை வலது உடலையும், வலது மூளை இடது உடலையும் இயக்குகின்றன.

இந்த ஐந்தைக் கவனியுங்கள்

1. முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால், முகத் தசைகளுக்கு உத்தரவு சரியாகப் போகவில்லை.

2. கை: இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தானாகக் கீழே இறங்கினால், பெருமூளையின் இயக்கப் பகுதியில் பாதிப்பு இருக்கலாம்.

3. பேச்சு: எளிய வாக்கியம் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழறினாலோ, சொல்வது புரியாமல் விழித்தாலோ அதுவும் அறிகுறிதான்.

4. பார்வை: திடீரென ஒரு பக்கம் தெரியாமல் போவது. பார்வைக்கான இடம் கண்ணுக்கு நேர் எதிரே, மூளையின் பின்பகுதியில் இருக்கிறது.

5. நடை: திடீர்த் தள்ளாட்டம், தலைச்சுற்றல். உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்வது சிறுமூளை.

இவற்றில் ஒன்று திடீரெனத் தெரிந்தாலே போதும், உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதமாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் சொல்லிவிடுங்கள்.

மணி என்ன என்று பாருங்கள்

மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்பது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாயில் அடைப்பு என்றால், மெல்லிய குழாயை உள்ளே செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையும் உண்டு. சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம். ஆனால், எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ, அவ்வளவு மூளையைக் காப்பாற்றலாம். அடைப்பைச் சுற்றியுள்ள பகுதி உடனே இறந்துவிடுவதில்லை. உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் அந்தச் செல்களை மீட்கத்தான் இத்தனை அவசரம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

விரல் நுனியில் ஊசியால் குத்தினால் பக்கவாதம் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வந்த தகவலை நம்பவே வேண்டாம். தண்ணீர், காபி, மாத்திரை எதையும் வாயில் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நீங்களாக ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து. அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கிவிடும்.

அறிகுறிகள் பத்து நிமிடத்தில் மறைந்துவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள். அது பெரிய பக்கவாதத்துக்கான முன்னறிவிப்பாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பாதிப்பு வந்துவிட்டால்?

இறந்த நியூரான்கள் திரும்பி வராது. ஆனால், அவை செய்த வேலையில் ஒரு பகுதியை மற்ற பகுதிகள் பழகிக்கொள்ள முடியும். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அதற்காகத்தான். மாதக்கணக்கில் ஆகலாம், சலிப்பு வரும். வீட்டில் உள்ளவர்கள் கூடவே உட்கார்ந்து செய்யவைத்தால், பயிற்சி பாதியில் நிற்காது.

வராமல் தடுக்க முதல் வேலை, ரத்த அழுத்தத்தைப் பரிசோதிப்பது. பக்கவாதத்துக்கு மிகப்பெரிய காரணம் அதுதான். எந்த அறிகுறியும் காட்டாமல் பல வருடங்கள் இருக்கும். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். உங்கள் வீட்டில் 40 வயதைத் தாண்டியவர்கள் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள். நினைவில்லை என்றால், இந்த வாரமே அழைத்துப்போய்ப் பார்த்துவிடுங்கள்.